விளையாடினோம், சாப்பிட்டோம், தூங்கினோம்: மழலையர் வகுப்பில் ஒரு நாள்

மூன்றரை வயதுப் பிள்ளையிடம் "இன்னைக்கு டீச்சர் என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: விளையாடினோம், சாப்பிட்டோம், தூங்கினோம். கேட்ட அப்பாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை இதே வயதில் ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறது, நூறு வரை எண்ணுகிறது, தினமும் நான்கு பக்கம் வீட்டுப்பாடம் எழுதுகிறது, நம் பிள்ளை மட்டும் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வருகிறதே என்று. தெருவுக்குத் தெரு நர்சரிப் பள்ளிகள் ஓடுவது பாதிக்குப் பாதி இந்தக் கவலையில்தான்.

ஆனால் அந்தப் பிள்ளை சொன்னது அன்றைய பாடப் பட்டியலையேதான். எந்த நேரத்தில் எது வருகிறது, ஏன் அது அங்கே வருகிறது என்று ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். பெரியவர்கள் கண்ணுக்குப் படிப்பு மாதிரியே தெரியாத நேரத்தில்தான் மழலையர் வகுப்பில் அதிகம் படிப்பு நடக்கிறது; நோட்டை விரித்து வைத்து எழுதும் நேரத்தில், அதாவது படிப்பு மாதிரியே தெரியும் நேரத்தில், ரொம்பக் குறைவாக நடக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மீதி விளக்கம்.

எந்த வகுப்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அங்கன்வாடி, அப்புறம் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் அங்கன்வாடியோடு ஒட்டி நடக்கும் எல்கேஜி, யுகேஜி. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது; இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேல் மையங்கள் இருக்கின்றன. ஊர்ப்பக்கம் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா, இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை கலந்துகட்டிப் பிள்ளைகள். "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்ற பெயரில் இவர்களுக்கென்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. என் குடும்பம், காய்கறிகள், விலங்குகள், வண்டி வாகனம் என்று கருப்பொருள் மாறிக்கொண்டே வரும். அதற்கேற்ற பாட்டு, கதை, விளையாட்டு, படம் வரைதல். அது இருக்கிறது என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

காலையில் முதல் அரை மணி நேரம், அதுவும் ஜூன் மாதத்தில், அழுகை. இதைப் பாடத்துக்கு முந்தைய தொல்லை என்று நினைக்கிறோம், முதல் பாடமே இதுதான். வீட்டு ஆள் இல்லாத இடத்தில், வேறொரு பெரியவரை நம்பி, சில மணி நேரம் இருக்க முடியும் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல அம்மாக்கள் "இதோ கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்டா" என்று சொல்லிவிட்டு, பிள்ளை பொம்மையைப் பார்க்கும் சமயமாகப் பார்த்து நழுவிவிடுவார்கள். அன்றைக்கு அது வேலை செய்யும். மறுநாள் வாசலிலேயே சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாது, ஏனென்றால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்று அதற்கு நாமே சொல்லிக் கொடுத்துவிட்டோம். அனுபவமுள்ள டீச்சர்கள் அம்மாவிடம் சொல்வது வேறு: சொல்லிவிட்டே போங்கள், அழட்டும், "நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் நான் வந்து நிற்பேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வந்து நில்லுங்கள்.

இந்த வாக்கியத்தில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மூன்று வயதுக்கு மணி மூன்று என்றால் ஒன்றும் புரியாது. பாட்டு முடிந்தால் விளையாட்டு, விளையாட்டு முடிந்தால் கைகழுவிச் சாப்பாடு, சாப்பாடு முடிந்தால் பாய், பாயிலிருந்து எழுந்தால் அம்மா என்கிற வரிசை புரியும். அந்த வரிசைதான் அதன் கடிகாரம். அதனால்தான் நல்ல மழலையர் வகுப்பில் நாளின் வரிசையை லேசில் மாற்ற மாட்டார்கள். கலெக்டர் ஆய்வுக்கு வருகிறார், சாப்பாட்டை முன்னால் போடு என்று ஒரு நாள் வரிசை கலைந்தால், அன்று பின்மதியம் முழுக்க எதற்கென்றே தெரியாமல் நான்கு பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

அழுகை அடங்கியதும் வட்டமாக உட்கார்வது. பெயர் கூப்பிடுவது, இன்றைக்கு யார் வரவில்லை, வெளியே வெயிலா மழையா, என்ன கிழமை. அப்புறம் பாட்டு. கை வீசி, தலையாட்டி, குதித்துப் பாடும் பாட்டுகள். இந்தப் பாட்டு நேரம் பார்க்க ஜாலியாக இருக்கும், ஆனால் வாசிப்புக்கான அடித்தளம் இங்கேதான் விழுகிறது. எழுத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே, பேச்சு என்பது துண்டு துண்டான ஒலிகளால் ஆனது என்று காதுக்குத் தெரிய வேண்டும். ஒரே மாதிரி முடியும் சொற்கள் திரும்பத் திரும்ப வரும்போது அது தெரிகிறது. சில டீச்சர்கள் பெயருக்குக் கை தட்டச் சொல்வார்கள்: மா-லா, இரண்டு தட்டு, கவி-தாவா, க-வி-தாவா என்று ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டைதான் பாடம். பின்னால் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது தடுமாறாமல் போவதற்கும் இந்தக் கைதட்டலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ரைம்ஸ் என்ற பெயரில் பொருள் தெரியாத ஆங்கிலப் பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்க வைத்து வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவது வேறு வகை, அது பெற்றோருக்கான நிகழ்ச்சி.

எண்ணிக்கைக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். நூறு வரை கடகடவென்று சொல்லும் நான்கு வயதுப் பிள்ளையின் முன்னால் ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டையைக் கொட்டி, "அஞ்சு எடுத்துக் குடு" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். "இதுல எத்தனை இருக்கு?" என்று கேட்டால் விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை சரியாகவே எண்ணும். "அப்ப எத்தனை?" என்று மறுபடி கேட்டால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. எண்களின் பெயரைச் சொல்வது ஒரு பாட்டு, எண்ணுவது வேறு ஒரு திறமை. ரோசல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் இதை ஐந்து விதிகளாகப் பிரித்துச் சொன்னார்கள்: ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண்தான் மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எங்கிருந்து ஆரம்பித்தாலும் மொத்தம் மாறாது. இதில் மூன்றாவதுதான் பெரிய படி, பெரும்பாலான பிள்ளைகள் மூன்றரையிலிருந்து நான்கரை வயதுக்குள் அதில் ஏறுகிறார்கள். ஏறுவதற்கு வேண்டியது புளியங்கொட்டை, சோழி, பாட்டில் மூடி, தட்டு எடுத்து வைக்கும் வேலை. போர்டில் எழுதிய எண்ணைப் பார்த்துப் பத்து வரி எழுதுவதால் அந்தப் படியில் ஏறியதாக எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

பத்தரை மணி வாக்கில், மையத்துக்கு மையம் கொஞ்சம் முன்பின் இருக்கும், இஷ்டம்போல் விளையாடும் நேரம். ஒரு மூலையில் சொப்புச் சாமான், ஒரு மூலையில் கட்டைகள், ஒரு மூலையில் படப் புத்தகம், வெளியே மணல். யார் எங்கே போக வேண்டும் என்று டீச்சர் சொல்வதில்லை. நாளிலேயே முக்கியமான நேரம் இதுதான், முதலில் வெட்டப்படுவதும் இதுதான், ஏனென்றால் சும்மா விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

கட்டை அடுக்கும் ஒரு பிள்ளையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். உயரமாக அடுக்குகிறது, சரிகிறது. அடுத்த முறை சின்னக் கட்டையை அடியில் வைத்துப் பெரியதை மேலே வைக்கிறது, சீக்கிரமே சரிகிறது. மூன்றாவது முறை பெரியதை அடியில் வைக்கிறது. நீளக் கட்டை ஒன்று தீர்ந்துபோனதும் இரண்டு சின்னதை ஒட்டி வைத்து அதே நீளத்தைக் கொண்டுவருகிறது. பின்னத்தின் முதல் பாடம் கைக்குள் நடந்துவிட்டது, பெயர் மட்டும்தான் இன்னும் தெரியாது. இந்தக் கட்டைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் 1837-ல் தன் நிலையத்தைத் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அவர் குழந்தைகள் கையில் கொடுத்தது கம்பளிப் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம், அப்புறம் எட்டுச் சின்னக் கட்டைகளைச் சேர்த்தால் ஒரே பெரிய கட்டையாகும் ஒரு பெட்டி. எட்டைப் பிரித்து நான்கு நான்காக, இரண்டு இரண்டாக, மறுபடி சேர்த்து ஒன்றாக. இதில் என்ன ஆபத்தைக் கண்டார்களோ, 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களையே தடை செய்தது. கிட்டத்தட்ட பத்து வருடம் தடை நீடித்தது.

சொப்புச் சாமான் மூலையில் நடப்பது வேறு. அங்கே நான்கு பேர் ஆஸ்பத்திரி விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி டாக்டர், ஒருவன் ஊசி போட்டுக்கொள்ள வந்தவன், ஒருத்தி அவன் அம்மா, ஒருவன் ஆட்டோக்காரன். ஆட்டோக்காரனுக்கும் ஊசி போட ஆசையாக இருக்கிறது, கை பரபரக்கிறது, ஆனாலும் வெளியே நிற்கிறான். "நீ ஆட்டோதானே, நீ தொடக்கூடாது" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஆசையை அடக்கிக்கொண்டு ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு நிற்பது, அதுவும் யாரும் அடிக்காமல் மிரட்டாமல், தானாக. "கையைக் கட்டு, வாய்ல விரல் வை" என்று டீச்சர் சொல்லும்போது இரண்டு நிமிடம் நிற்காத அதே பையன் இங்கே கால் மணி நேரம் ஆட்டோக்காரனாகவே இருக்கிறான். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930-களில் சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான்: பாவனை விளையாட்டில்தான் குழந்தை தன்னைத் தானே அடக்கி ஆளப் பழகுகிறது.

இந்த அடக்கத்தின் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பலரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரத்தில் 1962-ல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு. 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, 58 பேரை மழலையர் வகுப்பில் சேர்த்தார்கள், 65 பேரைச் சேர்க்கவில்லை. அந்த வகுப்பில் பிள்ளைகள் முதலில் என்ன செய்யப்போகிறேன் என்று திட்டம் சொல்லுவார்கள், செய்வார்கள், முடித்ததும் என்ன செய்தேன் என்று எல்லோருக்கும் சொல்லுவார்கள். வகுப்பில் படித்தவர்களின் புத்திக்கூர்மை மதிப்பெண் முதலில் ஏறியது, ஆரம்பப் பள்ளியில் சில வருடம் போனதும் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் பணம் வீண் என்று எழுதியிருப்பார்கள். நாற்பது வயது வரை விடாமல் பார்த்ததில், மழலையர் வகுப்பில் இருந்தவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், வேலையில் இருந்தவர்கள் அதிகம், போலீஸ் கைது செய்தவர்கள் குறைவு. ஏ பி சி டி சீக்கிரம் தெரிந்ததால் வந்த லாபம் இது என்று யாரும் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: அது சின்ன ஆய்வு, ஒரே ஊர், ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர், போதாக்குறைக்கு வாராவாரம் வீட்டுக்கும் போய்ப் பேசினார்கள். நம்மூரில் இருபது இருபத்தைந்து பேருக்கு ஒரே டீச்சரை வைத்துக்கொண்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வெளி விளையாட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, "சொன்னதைச் செய்" மாதிரி விளையாட்டுகள். டீச்சர் தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும் என்று விதியைத் திருப்பிப் போட்டால் சிரிப்பாணி பொங்கும், கூடவே முதலில் தோன்றியதைச் செய்யாமல் நிறுத்தி யோசிக்கும் பயிற்சியும் ஆகிவிடும்.

மதியச் சாப்பாடு. தமிழ்நாட்டில் இதற்குத் தனிக் கதை உண்டு. பள்ளி மதிய உணவைக் காமராஜர் 1956-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊரகத்தில் பள்ளிக்கே போகாத இரண்டு வயது முதலான பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், அடுத்த சில மாதங்களில் நகரங்களுக்கும் வந்தது. இன்று அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கலவை சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. சத்து ஒரு பக்கம் இருக்கட்டும், அது டாக்டர்கள் பேச வேண்டியது. முட்டை உரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆயாம்மா உரிக்காமல் கொடுத்துவிட்டால் பிள்ளை அதைத் தரையில் தட்டும், எவ்வளவு தட்டினால் ஓடு விரியும், எவ்வளவு தட்டினால் முட்டையே நசுங்கும் என்று கையே கணக்குப் போடும், அப்புறம் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஓட்டின் ஓரத்தைக் கிள்ளித் தூக்கும், ஓட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தோல் பிய்ந்து வராது, நகத்தால் நெம்பும். ஒரு முட்டைக்கு ஐந்து நிமிடம். பென்சிலைப் பிடிக்க வேண்டிய விரல்கள் இவைதான், வேண்டிய கிள்ளும் பிடி இதுதான். சாதத்தைப் பிசைந்து உருட்டி வாயில் வைப்பதும் அதே. அவசரத்தில் ஆயாம்மா எல்லா முட்டையையும் உரித்துப் போட்டுவிட்டால் நேரம் மிச்சம், பாடம் போச்சு. வீட்டில் ஐந்து வயது வரை ஊட்டிவிட்டுக்கொண்டு, பள்ளியில் மட்டும் ஏன் கையெழுத்துக் கோணல் என்று கேட்கிறோம்.

தட்டு எடுத்து வைக்கும் பிள்ளைக்கு, உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஒன்று வர வேண்டும் என்பது கணக்கு. கைகழுவ வரிசையில் நிற்பதில் பொறுமை. சொல்லிக்கொண்டே போகலாம்.

சாப்பிட்டதும் பாய். இந்தத் தூக்கத்தின் மேல்தான் எல்கேஜிப் பெற்றோருக்குக் கோபம் அதிகம், ஃபீஸ் கட்டித் தூங்க வைக்கிறார்களா என்று. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 40 மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு ஞாபக விளையாட்டைச் சொல்லிக் கொடுத்து, ஒரு நாள் மதியம் தூங்கவைத்தார்கள், இன்னொரு நாள் தூங்கவிடாமல் விழிக்கவைத்தார்கள். தூங்கிய நாளில் காலையில் கற்றது நன்றாக நினைவில் நின்றது. தூங்காத நாளில் மறந்தது, அன்று ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் திரும்பவில்லை. தினமும் மதியம் தூங்கிப் பழகிய பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் அதிகம். ஆக, காலையில் பாடிய பாட்டும் எண்ணிய கொட்டையும் உள்ளே போய் உட்காருவது அந்தப் பாயில்தான். தூக்கம் வராத பெரிய பிள்ளைகளை மல்லுக்கட்டித் தூங்கவைக்க வேண்டியதில்லை, ஓரமாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

எழுந்ததும் சத்துமாவு உருண்டையோ கஞ்சியோ, ஒரு கதை, வீடு. கதையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அதே காக்கா கதையை அதே பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், டீச்சருக்கு அலுத்துவிடும். சொல்லட்டும். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, டீச்சருக்கு முன்னால் தானே சொல்லிவிடும் பிள்ளை, கதைக்கு முன் பின் என்று ஒரு வரிசை உண்டு என்பதைப் பிடித்துவிட்டது. டீச்சர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் வகுப்பே சண்டைக்கு வரும்.

சரி, இதில் எழுத்து எங்கே? அ, ஆ எப்போது? நியாயமான கேள்வி, இதற்கு எலும்பிலிருந்து பதில் சொல்ல வேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாம் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகக் கெட்டியாகி, மூன்று நான்கு வயதில் பாதிகூடத் தேறியிருக்காது, கடைசி எலும்பு கெட்டியாக ஒன்பது பத்து வயதாவது ஆகும். தோளை ஆட்டிப் பெரிய கோடு போட மூன்று வயதுக்கு முடியும். மணிக்கட்டைத் தரையில் ஊன்றி, விரலை மட்டும் அசைத்து, நான்கு கோட்டுக்குள் சுழி போட முடியாது. முடியாததைச் செய்யச் சொன்னால் முஷ்டியால் பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், அந்தப் பிடியே பழகிவிடும், பின்னால் மாற்றுவது பெரும்பாடு. அதுவும் தமிழில் முதல் எழுத்தே சுழியும் வளைவுமான அ. எழுதுவதற்கு ட, ப, ம எவ்வளவோ மேல், நேர்கோடுதான் அதிகம். அதனால் எழுதக் கற்கும் வரிசை அகர வரிசையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு எலும்புக் கணக்கு தெரியாது. ஆனாலும் மணலில் விரலால்தான் எழுதவைத்தார்கள். பெரிதாக எழுதலாம், தப்பானால் கையால் தடவி அழித்துவிடலாம், எழுத்தின் வடிவம் விரல் நுனி வழியாக உள்ளே போகும். மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது, சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் சொன்னதும் இதே தர்க்கம்தான். அந்த அம்மா 1939-ல் ஆசிரியர் பயிற்சி நடத்துவதற்காகச் சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தார், உலகப் போர் மூண்டு இத்தாலியர் என்பதால் இங்கேயே மாட்டிக்கொண்டார், கொடைக்கானலில் கொஞ்ச காலம் இருந்தார், 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். இன்றைக்கு நம்மூரில் மாண்டிசோரி என்று போர்டு மாட்டாத தெருவைக் காண்பது அரிது. உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கர்சிவ் ரைட்டிங் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை.

நர்சரிப் பள்ளிகளை மட்டும் திட்டுவது சுலபம். அங்கே வேலை பார்க்கும் மிஸ்களில் பலருக்கு இதெல்லாம் தெரியும். "நோட்டுல ஒண்ணும் எழுதலையே மிஸ், ஃபீஸ் மட்டும் வாங்கறீங்க" என்று கேட்கும் பெற்றோரைச் சமாளிக்கத்தான் எழுதவைக்கிறோம் என்பார்கள். நாலு பக்கம் எழுதிய நோட்டைக் காட்ட முடியும், ஆட்டோக்காரனாக நின்ற கால் மணி நேரத்தை எப்படிக் காட்டுவது? கண்ணுக்குத் தெரியும் சாட்சி கேட்கிறோம், பள்ளி அதைத் தயாரித்துக் கொடுக்கிறது. பல வீடுகளில் அந்த வீட்டுப்பாடத்தை ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுவது அம்மாதான் என்பது ஊரறிந்த ரகசியம்.

அங்கன்வாடியில் நேர்மாறான சிக்கல். அங்கே பாடத்திட்டம் சரி, வயது கலந்திருப்பதும் நல்லதுதான், ஐந்து வயது மூன்று வயதுக்குச் சொல்லிக் கொடுக்கும். செய்வதற்கு ஆள் இல்லை. காலை பத்தரை மணிக்குக் கட்டை மூலையில் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய டீச்சர், அந்த நேரத்தில் 2021-ல் வந்த போஷன் டிராக்கர் ஆப்பில் வருகையைப் பதிந்துகொண்டிருப்பார், சிக்னல் கிடைக்காமல் வாசலில் நிற்பார். எடை பார்ப்பது, உயரம் அளப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, தடுப்பூசி நாளுக்கு ஆள் கூப்பிடுவது, வீடு வீடாகப் போவது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலை. இவ்வளவுக்கும் நடுவே முன்பருவக் கல்வி என்று ஒரு வரி. ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் பார்ப்பது ரிஜிஸ்டரைத்தான், முட்டைக் கணக்கைத்தான். பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்க்க அவருக்கும் நேரமில்லை. முட்டைக் கணக்கு தப்பினால் மெமோ வரும். கதை சொல்லாத நாளுக்கு மெமோ கிடையாது.

இதைச் சரிசெய்யும் ஒரு முயற்சியாகத்தான் 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். பிள்ளைகள் தனியாருக்குப் போவதைத் தடுப்பதும் ஒரு நோக்கம். ஆனால் அதற்கென்று மழலையர் கல்வி படித்த ஆட்களைப் போடவில்லை, தொடக்கப் பள்ளிகளில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை மாற்றிப் போட்டார்கள். பெரிய வகுப்புக்குப் பாடம் நடத்திப் பழகியவரைத் திடீரென்று மூக்கு ஒழுகும் மூன்று வயதுகளுக்கு நடுவே உட்காரவைத்தால் அவருக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம். அவர் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வார், போர்டில் எழுதிப்போட்டு எழுதச் சொல்வார். 2022-ல் அந்த ஆசிரியர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அங்கன்வாடிப் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னபோது எதிர்ப்பு கிளம்பியது, அப்புறம் மதிப்பூதியத்தில் தனி ஆட்களைப் போட்டு வகுப்பைத் தொடர்வதாக முடிவானது. மூன்றரை வருடத்தில் இத்தனை திருப்பம். இந்த வயதுக்குச் சொல்லிக் கொடுப்பது தனித் தொழில் என்று யாரும் நினைக்காததன் விளைவு.

சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. 2002-ல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களை 45-ஆவது பிரிவில், அரசு முயல வேண்டிய காரியமாக வைத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பதினொன்றாம் பிரிவில், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்கிறது. அதாவது செய்யாவிட்டாலும் யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதே சட்டம் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரும் 25 சதவீத இட ஒதுக்கீடு மட்டும் பள்ளியில் சேர்க்கை எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து உண்டு என்பதால், தமிழ்நாட்டில் தனியார் பள்ளி எல்கேஜிக்கு அரசு பணம் கட்டும் விநோதமும் நடக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே கட்டமாகப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்குப் பல சண்டைகள் உண்டு, அவற்றில் பலவற்றில் நானும் தமிழ்நாட்டுப் பக்கம்தான், ஆனால் மூன்று வயதையும் ஒன்றாம் வகுப்பையும் இரண்டு தனித்தனித் துறைகள் பார்த்துக்கொள்வது சரிப்படாது என்பதற்கு எந்தக் கொள்கையையும் படிக்க வேண்டியதில்லை. அங்கன்வாடி சமூக நலத் துறையிடம், பள்ளி கல்வித் துறையிடம். நடுவில் ஒரே சுவர்தான், ஒரே வளாகம்தான், இந்தப் பக்க டீச்சர் பிள்ளையைப் பற்றி என்ன தெரிந்துவைத்திருக்கிறார் என்று அந்தப் பக்க டீச்சருக்கு ஒரு காகிதம்கூடப் போவதில்லை.

அடுத்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்க இடம் தேடுகிறவர்களுக்கு ஒன்று. ஆபீஸ் ரூமில் உட்காரவைத்துக் காட்டும் ஏசி வகுப்பு, ஸ்மார்ட் போர்டு எதையும் பார்க்காதீர்கள். காலை பதினொரு மணிக்குப் போய், மணல் ஈரமாக இருக்கிறதா, கட்டைகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கின்றனவா கீழே கிடக்கின்றனவா, சுவரில் ஒட்டியிருக்கும் படங்கள் முப்பதும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள்; முப்பது மாம்பழமும் கோட்டுக்கு வெளியே போகாமல் மஞ்சளாக இருந்தால் அதை வரைந்தது மிஸ்தான். அங்கன்வாடிக்கு இப்படிப் போனால் யாரும் பெரிதாகத் தடுக்க மாட்டார்கள், உட்காரப் பாயும் போடுவார்கள். தனியார் பள்ளியில் வாட்ச்மேன் கேட்டோடு நிறுத்திவிட்டால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். மழலையர் வகுப்பு இருக்கும் பக்கத்திலிருந்து பதினொரு மணிக்குச் சத்தமே வரவில்லை என்றால் அப்ளிகேஷன் வாங்க வேண்டாம்.